இருபத்தொரு சொல் போதும் – சோமாலியில் எண்ணலாம்!

ஆப்பிரிக்காவின் படத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே, கடலுக்குள் கொம்பு நீட்டிக்கொண்டு ஒரு மூலை தெரியும். "ஆப்பிரிக்காவின் கொம்பு" என்றே அதற்குப் பெயர்.

அந்தக் கொம்பில் வாழ்கிறவர்கள் சோமாலிகள். சோமாலியா, சோமாலிலாந்து, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதி, கென்யாவின் வடகிழக்குப் பகுதி ஆகிய இத்தனை இடங்களிலும் அவர்கள் பரவி இருக்கிறார்கள். மொழி மட்டும் ஒன்றே. அதைப் பேசுகிறவர்கள் இரண்டு கோடிக்குக் குறையமாட்டார்கள்.

1972-ஆம் ஆண்டு வரையில் இந்த மொழிக்கு அரசாங்கம் ஒப்புக்கொண்ட எழுத்தே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிக்க வேண்டுமானால் வேற்று மொழியில்தான் படிக்க வேண்டும்.

ஆனால் எழுத்து இல்லாவிட்டால் என்ன? எண் இருந்தது! ஒட்டகம் மேய்ப்பவன் மந்தையை எண்ணினான். சந்தையில் விலை பேசினான். கொலை நடந்தால் நஷ்ட ஈடு எவ்வளவு, யார் பங்கு எவ்வளவு என்று மரத்தடியில் உட்கார்ந்து கணக்குத் தீர்த்தான். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. எல்லாம் வாய்க்கணக்கு, மனக்கணக்கு.

அந்த எண்களை நாமும் கற்றுக்கொண்டால் என்ன? பயந்துவிட வேண்டாம். இருபத்தொரு சொற்கள் தெரிந்தால் போதும். ஒன்றிலிருந்து 9,99,999 வரைக்கும் சோமாலியில் எண்ணிவிடலாம்!

ஒன்று முதல் பத்து வரை

முதலில் பத்துச் சொற்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

1 – கொவ்
2 – லப
3 – ஸத்தெஹ்
4 – அஃபர்
5 – ஷன்
6 – லிஹ்
7 – தொத்தொப
8 – ஸித்தேத்
9 – ஸகால்
10 – தொபன்

சோமாலி மொழியை இன்று ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. "ஸத்தெஹ்", "லிஹ்" இரண்டுக்கும் கடைசியில் போடுகிற எழுத்து, ஆங்கிலத்தில் நாம் "எக்ஸ்" என்று படிக்கிற எழுத்து! ஆங்கிலம் படித்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு "லிக்ஸ்" என்பார்கள். சோமாலிக்காரர் சிரிப்பார். கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் அதன்மேல் வாயால் ஊதுகிறோம் அல்லவா? அப்போது தொண்டையிலிருந்து வருகிற "ஹ்" என்ற காற்றை இன்னும் சற்று இறுக்கிவிட்டால் அதுதான் அந்த எழுத்து.

இந்தப் பெயர்களெல்லாம் அரபியிலிருந்து வந்தவை என்று சிலர் நினைக்கிறார்கள். சோமாலிகள் முஸ்லிம்கள், அரேபியா கடலுக்கு அக்கரையிலேயே இருக்கிறது. ஆகவே அப்படித் தோன்றுவது இயற்கை. ஆனால் உண்மை அதுவல்ல. இவை அவர்களுடைய சொந்தச் சொற்கள். சோமாலி, குஷிட்டிக் என்ற மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எத்தியோப்பியாவில் வழங்கும் ஒரோமோ மொழி இதற்கு உடன்பிறப்பு. ஒரோமோக்காரரை எண்ணச் சொன்னால் இரண்டுக்கு "லம" என்பார், நான்குக்கு "அஃபுர்", ஐந்துக்கு "ஷன்", எட்டுக்கு "ஸத்தேத்", ஒன்பதுக்கு "ஸகல்". ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதல்லவா?

ஒன்றுக்கு மூன்று பெயர்

"ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணும்போது நாம் "ஒன்று" என்கிறோம். ஆனால் "ஒன்று மாடு" என்று யாராவது சொல்வதுண்டா? "ஒரு மாடு" என்றுதான் சொல்வோம். "ஒருவர் வந்தார்" என்னும்போது சொல் மறுபடியும் மாறுகிறது.

சோமாலியிலும் அப்படியே! எண்ணும்போது "கொவ்". பொருளோடு சேர்த்துச் சொல்லும்போது "ஹல்". பலவற்றுள் ஒன்றைக் குறித்து, பொருளின் பெயரைச் சொல்லாமல் "ஒன்று", "ஒருவன்" என்று மட்டும் சொல்லும்போது "மித்".

இந்த "ஹல்" சுவையான சொல். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பெண் ஒட்டகத்துக்கும் "ஹல்" என்றுதான் பெயர்! இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை என்று சொல்லிவிட முடியாது. தற்செயலாக ஒரே உருவத்தில் அமைந்திருக்கலாம். ஆனால் அந்த மக்களுக்குப் பால் தருவது, பாரம் சுமப்பது, மானம் காப்பது எல்லாமே ஒட்டகம்தான். அங்கே ஒன்றும் ஒட்டகமும் ஒரே ஒலியில் ஒலிப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"திருட்டு ஒட்டகம் நேர்மையான கன்று ஈனாது" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதில் வருவதும் இந்த "ஹல்"தான்.

ஐம்பதில் ஒளிந்திருக்கும் ரகசியம்

இனிப் பத்துகளைப் பார்ப்போம்:

20 – லபாதன்
30 – ஸொத்தொன்
40 – அஃபர்தன்
50 – கொன்தொன்
60 – லிஹ்தன்
70 – தொத்தொபாதன்
80 – ஸித்தேதன்
90 – ஸகாஷன்

புதிதாக மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை. பழைய எண்ணோடு "தன்" என்பதை ஒட்டினால் பத்துப் பத்தாக ஆகிவிடுகிறது. "அஃபர்" நான்கு, "அஃபர்தன்" நாற்பது. "லிஹ்" ஆறு, "லிஹ்தன்" அறுபது. முப்பது மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. நம்முடைய மூன்றும் பத்தும் சேர்ந்து "முப்பது" ஆனதுபோல, அவர்களுடைய "ஸத்தெஹ்" தேய்ந்து "ஸொத்தொன்" ஆகியிருக்கிறது.

தொண்ணூறு ஏன் "ஸகால்தன்" ஆகாமல் "ஸகாஷன்" ஆயிற்று? இது அவர்களுடைய புணர்ச்சி விதி. "கல்" என்பதோடு "தூண்" சேர்ந்தால் நாம் "கற்றூண்" என்று எழுதுகிறோம். லகரமும் தகரமும் மோதும்போது இரண்டும் உருமாறுகின்றன. சோமாலியில் அவை மோதினால் "ஷ" பிறக்கிறது. "ஹல்" பெண் ஒட்டகம் என்று பார்த்தோம். "அந்தப் பெண் ஒட்டகம்" என்று சொல்ல "த" சேர்க்க வேண்டும். சேர்த்தால் "ஹல்த" என்று வராது. "ஹஷ" என்றே வரும். அதே விதிதான் "ஸகால்" என்பதையும் "ஸகாஷன்" ஆக்குகிறது.

எல்லாவற்றிலும் விந்தையானது ஐம்பது. ஐந்து "ஷன்". அப்படியானால் ஐம்பது "ஷன்தன்" என்றல்லவா இருக்க வேண்டும்? "கொன்தொன்" எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை பக்கத்து வீட்டில் இருக்கிறது. செங்கடலோரத்தில் வாழும் அஃபார் இன மக்களின் மொழியும் குஷிட்டிக் மொழிதான். அவர்கள் ஐந்துக்கு "கொனொய்" என்கிறார்கள். ஐந்தைக் குறிக்கும் அந்தப் பழைய "கொன்" சோமாலியில் மறைந்துவிட்டது. ஆனால் ஐம்பதுக்குள் மட்டும் அழியாமல் உட்கார்ந்திருக்கிறது! வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினாலும் பழைய தூண் ஒன்று நிலைத்திருப்பதில்லையா, அதுபோல.

முன்னுக்குச் சின்னது, பின்னுக்குப் பெரியது

இன்னும் மூன்றே சொற்கள். நூறு – "பொகொல்". ஆயிரம் – "குன்". "உம்" என்று சேர்க்க – "இயொ". அவ்வளவுதான். இருபத்தொன்று ஆகிவிட்டது!

நாம் "இருபத்தொன்று" என்கிறோம். இருபது முன்னே வருகிறது; ஒன்று பின்னே வருகிறது. சோமாலியில் பெரும்பாலும் தலைகீழ். "கொவ் இயொ லபாதன்", அதாவது "ஒன்றும் இருபதும்" என்பார்கள். பதினொன்று "கொவ் இயொ தொபன்" – ஒன்றும் பத்தும். பன்னிரண்டு "லப இயொ தொபன்". இருபதை முன்னே வைத்துச் சொல்லுகிறவர்களும் உண்டு. இரண்டையும் புரிந்துகொள்வார்கள்.

நூறும் ஆயிரமும் வந்தால் அவை முன்னே நிற்கும். எழுத்து வந்த 1972-ஆம் ஆண்டை இப்படிச் சொல்லலாம்: "குன் இயொ ஸகால் பொகொல் இயொ லப இயொ தொத்தொபாதன்". ஆயிரமும், ஒன்பது நூறும், இரண்டும் எழுபதும். மூச்சு வாங்குகிறதா? இரண்டு தரம் சொன்னால் பழகிவிடும்.

லட்சத்துக்குத் தனிச் சொல் இல்லை. "பொகொல் குன்", அதாவது நூறு ஆயிரம் என்பார்கள்.

எட்டு வரை பெண், அப்புறம் ஆண்!

சோமாலி மொழியில் எண்களும் ஆண், பெண் என்று பிரிந்திருக்கின்றன. ஒன்று முதல் எட்டு வரை பெண்பால். ஒன்பதும் அதற்கு மேலே உள்ள பத்து, நூறு, ஆயிரமும் ஆண்பால்! பெண்பாலுக்கு "த" சேரும். ஆண்பாலுக்கு "க" சேரும். "அந்த இரண்டு" என்றால் "லபத". "அந்த ஒன்பது" என்றால் "ஸகால்க".

எண்ணப்படுகிற பொருளுக்கும் ஒரு விதி உண்டு. ஆண்பால் பெயராக இருந்தால் பன்மை வேண்டியதில்லை. "வீல்" என்றால் பையன். இரண்டு பையன்கள் "லப வீல்". நாமும் "பத்து மரம்", "ஐந்து மாடு" என்றுதானே பேசுகிறோம்? ஆனால் பெண்பால் பெயராக இருந்தால் "ஓத்" என்று ஒரு வால் முளைக்கும். "பில்" என்றால் மாதம், அது பெண்பால். மூன்று மாதம் "ஸத்தெஹ் பிலோத்".

துணிக்குள்ளே ஒரு பேரம்

எண்களைக் கற்ற பிறகு சந்தைக்குப் போகாமல் இருக்கலாமா?

"வா இமிஸ?" என்று கேளுங்கள். "எவ்வளவு?" என்று பொருள். "வா ஷன்" என்றால் "ஐந்து".

ஆனால் ஒட்டகச் சந்தையில் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் வராது! அங்கே தரகர்கள் உண்டு. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். துணிக்குள்ளே விரல் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. பிடித்த விரல் பத்தா, நூறா, ஆயிரமா என்பது தொழில் தெரிந்தவருக்கு விளங்கிவிடும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் படியாவிட்டாலும் சொன்ன விலை வெளியே போகாது.

நம் ஊர் மாட்டுச் சந்தைகளிலும் துண்டைப் போட்டு விரல் பிடித்துப் பேசும் பழக்கம் உண்டு. அதைப் பார்த்தவர்கள் சோமாலி ஒட்டகச் சந்தையில் போய் நின்றால் புது இடம் என்றே தோன்றாது.

இது சில்லறை வியாபாரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2014-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் ஆடு, மாடு, ஒட்டகங்கள் சோமாலியாவிலிருந்து அரபு நாடுகளுக்குக் கப்பலேறின. அவற்றுள் பல, விலை பேசப்பட்டது விரலால்!

உயிருக்கு விலை நூறு ஒட்டகம்

சோமாலி வாழ்க்கையில் மிகக் கனமான எண் எது தெரியுமா? "பொகொல்" – நூறு.

சோமாலிகளுக்கு "ஹேர்" என்று ஒரு வழக்கச் சட்டம் உண்டு. ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால், கொன்றவனுடைய கூட்டம் செத்தவனுடைய கூட்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈட்டுக்கு "மக்" என்று பெயர். பழைய கணக்கு என்ன? "பொகொல் ஹலாத்" – நூறு பெண் ஒட்டகம்!

நூறு ஒட்டகத்தைத் தனி ஒருவன் எங்கே கொடுப்பான்? ஆகவே பொறுப்பு முழுக் கூட்டத்துக்கும் உண்டு. சில நூறு ஆண்களிலிருந்து சில ஆயிரம் ஆண்கள் வரை சேர்ந்தது ஒரு கூட்டம். ஈடு வந்தாலும் அவர்களுக்குள் பங்கு. ஈடு கொடுக்க நேர்ந்தாலும் அவர்களுக்குள் பங்கு.

ஒரு கூட்டத்தில் 500 ஆண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சமமாகப் பங்கிட்டால் ஐந்து பேருக்கு ஓர் ஒட்டகம். நெருங்கின உறவினர் அதிகம் கொடுக்க வேண்டும் என்று வந்தால் கணக்கு சிக்கலாகும். ஒட்டகம் இல்லாதவன் ஆடாகக் கொடுத்தால் இன்னும் சிக்கலாகும். இத்தனையையும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் மரத்தடியில் வாயாலேயே தீர்த்தார்கள். கணக்கில் தவறு வந்தால் சமாதானம் முறியும். சமாதானம் முறிந்தால் இன்னொரு உயிர் போகும். எண் தெரிவது அங்கே உயிர் காக்கும் வேலை!

பெண் கொலையுண்டால்? அதற்குப் பழைய கணக்கு "கொன்தொன்", ஐம்பதுதான்! பாதி உயிரா அவளுக்கு என்று சோமாலிப் பெண்களே இன்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்போது பல இடங்களில் ஒட்டகத்துக்குப் பதில் பணமாகவே கொடுக்கிறார்கள். ஆனாலும் பேச்சு தொடங்குவது ஒட்டகக் கணக்கில்தான்.

காலை ஏழுக்கு ஒரு மணி

சோமாலிக்காரர் ஒருவர் "நாளை இரண்டு மணிக்கு வாருங்கள்" என்றால் எந்த இரண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வழக்கத்தில் நாள் தொடங்குவது சூரியன் உதிக்கும்போது. அதிலிருந்து ஒரு மணி நேரம் போனால் ஒரு மணி. ஆகவே கடிகாரத்தில் காலை ஏழு என்றால் அவர்கள் கணக்கில் ஒன்று. எட்டு என்றால் இரண்டு! எத்தியோப்பியாவிலும், சுவாஹிலி பேசும் நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உலகப் பொதுக் கணக்கும் இப்போது அங்கே கலந்து வழங்குகிறது. அதனால்தான் கேட்டுக்கொள்வது நல்லது என்றேன்.

வாரத்துக்கு "தொத்தொபாத்" என்று பெயர். "தொத்தொப" ஏழு, "தொத்தொபாத்" ஏழாவது. ஏழிலிருந்தே வாரம் பிறந்துவிட்டது! ஆனால் கிழமைகளின் பெயர்களை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு "அஹத்", திங்கள் "இஸ்னீன்". அரபியில் இவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று பொருள். வாரம் சொந்தம், கிழமை இரவல்!

வயதை எண்ணுவதிலும் ஓர் அழகு. "கு" என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை வரும் பெருமழைக் காலம். புல் முளைக்கும்; ஒட்டகம் பால் பொழியும். "இத்தனை கு கண்டவர்" என்று வயதைச் சொல்வது பழைய வழக்கம். வறண்ட நாட்டில் ஆண்டை மழையால் அளந்தார்கள்.

நாற்பதுக்கும் வீட்டில் ஓர் இடம் உண்டு. குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் வெளியே வராமல் ஓய்வு எடுத்துக்கொள்வாள். அது முடிந்து அவள் வெளியே வரும் சடங்குக்கு "அஃபர்தன் பஹ்" என்று பெயர். "பஹ்" என்றால் வெளியேறுதல்.

ஹெலிகாப்டரில் வந்த எழுத்து

சோமாலிக்கு எழுத்து வேண்டும் என்ற ஆசை பழையது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உஸ்மான் யூசுப் கெனதீத் என்பவர் தாமே ஓர் எழுத்தை உருவாக்கினார். அதற்கு "உஸ்மானியா" என்று பெயர். அதில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை தனி இலக்கங்களும் உண்டு. ஆனால் அரபி எழுத்தா, ரோமன் எழுத்தா, உஸ்மானியாவா என்ற சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை.

கடைசியில் 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அரசாங்கம் ரோமன் எழுத்தை அறிவித்தது. மொகதிஷு நகரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து துண்டுப் பிரசுரங்கள் பொழிந்தன! அதற்கு முறை வகுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஷிரே ஜாமா அஹமத்.

1974-இல் உயர்நிலைப் பள்ளிகளை ஓராண்டு மூடினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் நாட்டுப்புறத்துக்குப் போனார்கள். மேய்ப்பவர்களோடு தங்கி எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே மக்களையும் கால்நடைகளையும் எண்ணினார்கள். "கற்பி, இல்லையேல் கற்றுக்கொள்" என்பது அன்றைய கோஷம். அந்த ஆண்டு கொடிய பஞ்சமும் வந்து சேர்ந்தது. ஆனாலும் வேலை நின்றுவிடவில்லை.

எழுத்து வந்ததும் கணக்குப் பாடம் தாய்மொழிக்கு வந்தது. கலைச்சொற்களுக்கு எங்கே போனார்கள்? மேய்ச்சல் நிலத்துக்கும் வீட்டுக்கும்தான் போனார்கள்! கூட்டலுக்கு "இஸுகெய்ன்" – ஒன்றிடம் ஒன்றைக் கொண்டு சேர்ப்பது. கழித்தலுக்கு "கல கொய்ன்" – வேறாக அறுப்பது. பெருக்கலுக்கு "இஸ்கு டுஃபஷொ" – ஒன்றோடு ஒன்றை மோதி அடிப்பது! வகுத்தலுக்கு "கெய்பின்" – பங்கிடுவது. "கொய்ன்" நம்முடைய "கொய்தல்" போல ஒலிக்கிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம். அது தற்செயல்.

மரத்தடியில் ஒட்டகம் பங்கிட்ட அதே சொல், கரும்பலகையில் வகுத்தல் கணக்குக்கு வந்து உட்கார்ந்தது. பையனுக்குப் பாடம் புரியாமல் போகுமா?

செங்கல் அடுக்கிய நோட்டு

1991-இல் சோமாலியாவின் மத்திய அரசு கவிழ்ந்தது. வடக்கே சோமாலிலாந்து தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. 1994-இல் தனக்கென்று ஷில்லிங் நாணயமும் வெளியிட்டது. நாளடைவில் அதன் மதிப்பு இறங்கி, ஒரு டாலருக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ஷில்லிங் என்று போயிற்று. தலைநகர் ஹர்கெய்ஸாவில் பணம் மாற்றுகிறவர்கள் தெருவோரத்தில் செங்கல் அடுக்குவதுபோல நோட்டுக் கட்டுகளை அடுக்கி உட்கார்ந்தார்கள். "குன்" என்ற சொல் அங்கே குழந்தைக்கும் தெரியும்!

2009-இல் "ஸாத்" என்ற செல்போன் பண முறை அங்கே வந்தது. கட்டுக்கட்டாகத் தூக்கிப்போவதை விட்டுவிட்டு எண்ணை அழுத்திப் பணம் அனுப்பப் பழகினார்கள். கடைச் சாமானுக்குக்கூட இப்போது செல்போனில்தான் பணம்! கையெழுத்துப் போடத் தெரியாதவரும் எண்ணை அழுத்தத் தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

நாலரைக் கணக்கு

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு நாடே இதன்மேல் நடந்திருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் ஜிபூட்டி நாட்டு அர்தா நகரத்தில் சோமாலித் தலைவர்கள் கூடினார்கள். உள்நாட்டுச் சண்டையை நிறுத்தி அரசாங்கம் அமைக்க வேண்டும். யாருக்கு எத்தனை இடம்? "அஃபர் இயொ பர்" என்று முடிவு கட்டினார்கள். நான்கும் பாதியும்! தாரோத், ஹவியே, திர், திகில்–மிரிஃப்லெ ஆகிய நான்கு பெரிய குலங்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. மீதியுள்ள சிறு குலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரைப் பங்கு.

2012-இல் அமைந்த நாடாளுமன்றத்தில் 275 இடம். பெரிய குலம் ஒவ்வொன்றுக்கும் "கொவ் இயொ லிஹ்தன்", அதாவது 61. நான்கு குலத்துக்கு 244. மிச்சம் "கொவ் இயொ ஸொத்தொன்", 31. அறுபத்தொன்றில் பாதி முப்பதரை. அரை ஆளை நாற்காலியில் உட்கார வைக்க முடியாதல்லவா?

சண்டையை ஓரளவு அடக்கிய கணக்கு இது என்று சிலர் சொல்கிறார்கள். மனிதரை அரையாக எண்ணுகிற கணக்கு என்று அரைப் பங்குக்காரர்கள் குமுறுகிறார்கள். 2016-ஆம் ஆண்டுத் தேர்தலிலும், 2022-இல் முடிந்த தேர்தலிலும் இதே கணக்குத்தான். 2024-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மக்களே நேராக வாக்களிக்க வழி வகுத்தது. அதன்மேலும் தகராறு எழுந்தது. "ஆளுக்கு ஒரு வாக்கு" என்பதற்கு அவர்கள் சொல்லும் வாசகத்தில் முன்னால் நிற்பது நமக்குத் தெரிந்த சொல்தான்: "ஹல் கொஃப், ஹல் ஒத்". ஓர் ஆள், ஒரு வாக்கு.

நூற்றில் தொடங்கி, ஐம்பதில் இடறி, நாலரையில் சிக்கி, ஒன்றுக்கு வரப் பார்க்கிறது கணக்கு!

எண்ணிப் பாருங்கள்

சோமாலிகளிடம் ஒரு பழமொழி உண்டு: "ஃபர் கெலிய ஃபோல் ம டக்தொ". ஒற்றை விரல் முகம் கழுவாது என்று பொருள். எண்ணையும் தனியாக மனப்பாடம் செய்தால் ஒட்டாது. இரண்டு பேராகச் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். ஒருவர் தமிழில் எண்ணைச் சொல்லட்டும். மற்றவர் சோமாலியில் திருப்பிச் சொல்லட்டும்.

இதோ, ஒரு பயிற்சி. உங்கள் வயது என்ன? சின்ன எண்ணை முன்னே வையுங்கள். நடுவில் "இயொ" போடுங்கள். பத்தைப் பின்னே வையுங்கள். முப்பத்தைந்து வயதா? "ஷன் இயொ ஸொத்தொன்". நாற்பத்தெட்டா? "ஸித்தேத் இயொ அஃபர்தன்".

ஐம்பத்தைந்தா? "ஷன் இயொ கொன்தொன்". அந்த ஒரு வயதில் மட்டும் புதிய ஐந்தும் பழைய ஐந்தும் ஒரே வாயில் வருகின்றன!